காரைக்கால் எப்போது வெளிநாடு ஆனது? பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களின் ஓட்டில் தேர்வாகிப் பாரிஸில் அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் செனட்டர்களுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. உங்களுடைய 11-ஆவது வெளிநாட்டுத் தொகுதியில் இந்தியாவும் அடக்கம். அந்தத் தொகுதியில் ஓட்டுரிமை உள்ளவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏராளமாக இருக்கிறார்கள், படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்.

கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம்தான். உங்கள் சிவில் சட்டத் தொகுப்பின் 30-3 என்ற பிரிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குக் குடியுரிமை எந்த முன்னோர் வழியாக வந்ததோ அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டார்கள், இவரும் வெளிநாட்டிலேயே வாழ்ந்திருக்கிறார், இவரும் சரி இவருக்குக் குடியுரிமையைத் தந்திருக்க வேண்டிய அப்பாவோ அம்மாவோ சரி, பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை, அதாவது கான்சுலேட்டில் பதிவில்லை, பாஸ்போர்ட் இல்லை, வாக்காளர் அட்டை இல்லை என்றால், "நான் பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன்" என்று நிரூபிக்க அவரை அனுமதிக்க மாட்டார்கள். கையில் எத்தனை பத்திரம் இருந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்கவே மாட்டோம் என்று அர்த்தம்.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. 1956 மே 28 அன்று கைமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை உங்கள் நாடாளுமன்றம் ஏற்றுக்கொள்ள 1962 வரை ஆனது, அல்ஜீரியா விவகாரம் முடியும்வரை கிடப்பில் கிடந்தது என்றுதான் இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, சட்டப்படி கைமாறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட எட்டு வருடம் காரைக்காலில் கொடி இந்தியாவுடையது, சட்டப்படி மண் உங்களுடையது. இந்த விசித்திரத்தை எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை.

ஒப்பந்தம் குடியுரிமைக்கு ஒரு வழி வைத்தது. அந்த நான்கு ஊர்களில் பிறந்து, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தியர் ஆகிவிடுவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 1961 கணக்கெடுப்பில் நான்கு ஊரும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 69 ஆயிரம் பேர்; எழுதிக் கொடுத்தவர்கள் 5000 பேருக்குப் பக்கத்தில். அவர்களில் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் நிறைய, அதனால்தான் எங்கள் பக்கம் இன்றும் "சொல்தா வீடு" (பிரெஞ்சுச் சிப்பாய் வீடு) என்றால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்கு வீட்டுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பலர் மனதார இந்தியர் ஆனவர்கள். சிலருக்கு அரசு வேலை போய்விடும் என்ற பயம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்றுகூட ஒரு பேச்சு இருந்ததாம்.

அந்த ஆறு மாதக் கதவை மறுபடி திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இணைப்பு சரியான முடிவு, எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. அங்கே பிறந்து அங்கேயே இருந்து எழுதிக் கொடுக்காதவரின் பேரப்பிள்ளைகளுக்கு உங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை. "தாத்தா பாண்டிச்சேரியில் பிறந்திருந்தாலே போதும், பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கித் தருகிறோம்" என்று லட்சங்களில் பேரம் பேசும் ஏஜென்ட்டுகளை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

நான் பேசுவது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. சின்னக் கூட்டம். ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். அவை பேசுவதெல்லாம் அந்தப் பிரதேசத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி. அங்கேயே குடியிருந்தால் இப்படி, இந்தியாவின் வேறு பகுதியில் இருந்தால் இப்படி, வேறு நாட்டில் இருந்தால் பிரெஞ்சுக்காரராகவே தொடரலாம் என்று வகை பிரித்துக்கொண்டே போகிறது. வெளியே பிறந்து, பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, 1962-இல் ஊரில் இருந்தவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஒப்பந்தம் தொடாதவரின் குடியுரிமை அப்படியே நின்றது, உங்கள் நீதிமன்றங்களும் அப்படித்தான் வாசித்திருக்கின்றன.

யார் இவர்கள்? பெரும்பாலும் சைகோன்காரர்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி திறந்தது: சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் வழியில் நிறையப் பேர் போனார்கள். (எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்ட பெயரை இன்றுவரை எங்களில் ஒருவரும் சரியாக உச்சரித்ததில்லை என்பது வேறு கதை.) இப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கொச்சின்சீனாவில், அதாவது சைகோன் இருக்கும் தெற்கு வியட்நாமில், வேலை கிடைத்தது. போலீஸ், சுங்கம், தபால், கலங்கரை விளக்கம் என்று புதுச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும் கப்பல் ஏறினார்கள், அங்கே பிள்ளை பெற்றார்கள், சில குடும்பங்கள் அங்கிருந்து நேராக பிரான்சுக்குப் போயின, சில ஊர் திரும்பின.

என் கொள்ளுத்தாத்தா சைகோனில் போலீஸ். தாத்தா அங்கே பிறந்தது 1931-இல். உலகப் போர் முடிந்ததும் குடும்பத்தோடு காரைக்காலுக்குத் திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. 1962 ஆகஸ்ட்டில் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் கூட்டத்தில் அவர் இல்லை, எழுதிக் கொடுக்கத் தேவையே இல்லாதவர், அது அவருக்கும் தெரியாது, அவருக்குச் சொல்லவும் யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில் எழுதிக் கொடுக்காத எல்லோரும் இந்தியர் ஆனார்கள், தானும் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டார். ரேஷன் கார்டு வந்தது. தேர்தல் வந்தால் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். 1964-இல் அப்பா பிறந்தார், அதற்கடுத்து அத்தை.

இதில் இருக்கும் கோணலைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னவர், எழுதிக் கொடுத்தார், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சுக்காரர்கள். நியாயம். எதுவும் செய்யத் தேவையில்லை என்று சட்டம் சொன்னவர், எதுவும் செய்யவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளிடம் "உங்கள் தாத்தா ஏன் எதுவும் செய்யவில்லை" என்று கேட்டு 30-3ஐ நீட்டுகிறீர்கள்!

அப்புறம் அந்த "வெளிநாடு". இந்தப் பிரிவு யாருக்காக எழுதப்பட்டது என்பது படித்தாலே புரிகிறது. ஆல்ப்ஸ் மலையில் பார்சலோனெத் ஊரிலிருந்து மெக்சிகோவுக்குத் துணி வியாபாரத்துக்குப் போனார்களே, அவர்களைப் போன்றவர்களுக்கு. ஒருவர் போனார், அங்கேயே பிள்ளைகுட்டி பெற்றார், ஐம்பது வருடம் கழித்து பேரன் வந்து நிற்கிறான், அவனுக்கு பிரான்ஸோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் சட்டம் யோசிப்பதில் தப்பில்லை. கிளம்பிப் போனது அந்தக் குடும்பம். என் தாத்தா எங்கே போனார்? போனது நீங்கள். 1962 ஆகஸ்ட் 15 இரவு அவர் படுத்த பாய் சட்டப்படி பிரெஞ்சு மண்ணில் இருந்தது, மறுநாள் அதே பாய் வெளிநாட்டில் இருந்தது, அந்த நாளிலிருந்து அவர் "வெளிநாட்டில் நிலைத்துவிட்டவர்" என்று கணக்கு ஓடத் தொடங்கியது. ஐம்பது வருடம் முடிந்தது 2012 ஆகஸ்ட் 16 அன்று. 1962-இல் ஆறு மாதக் கெடு இருந்ததாவது ஊரில் பேச்சாக இருந்தது. 2012-இல் ஒரு கெடு முடிகிறது என்று எங்கள் ஊரில் எந்தச் சுவரிலும் யாரும் நோட்டீஸ் ஒட்டி நான் பார்க்கவில்லை.

என் அத்தை 2010-இல் விண்ணப்பித்தார். தாத்தாவின் சைகோன் பிறப்புப் பதிவு, கொள்ளுத்தாத்தாவின் துறப்புப் பத்திரம், தாத்தா பாட்டி கல்யாணம் காரைக்கால் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பதிவான நகல், எல்லாம் வைத்தார், நேஷனாலிட்டி சர்டிபிகேட் வந்துவிட்டது. அப்பா அப்போது துபாயில் வேலையில் இருந்தார், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, அந்த 2012 கெடு தாண்டிய பிறகு அதே பத்திரங்களை வைத்து விண்ணப்பித்தார். 30-3 என்று ஒரு பக்கத்தில் பதில் வந்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே தெரு, ஒரே எத்தா சிவில் (பிறப்பு, திருமணப்) பதிவேடு. தங்கை பிறப்பிலிருந்தே பிரெஞ்சுக்காரி, அண்ணன் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபிக்கவே கூடாது. இதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். அப்பா சிரிப்பதில்லை.

பத்திரத்தில் சந்தேகம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். பெயரை உங்கள் எழுத்தர் ஒருவிதமாக எழுதினார், இந்திய எழுத்தர் இங்கிலீஷ் முறையில் வேறுவிதமாக எழுதினார், ரேஷன் கார்டில் மூன்றாவது விதம், மூன்றும் ஒரே ஆள் என்று காட்டுவது எவ்வளவு பாடு என்று இந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டு மேரிக்குப் போகாத குடும்பங்கள் இருக்கின்றன, பிள்ளை மைனராக இருக்கும்போதே உறவு சட்டப்படி உறுதியாகியிருக்க வேண்டும் என்ற உங்கள் விதியில் அவர்கள் சிக்குகிறார்கள். போலிப் பத்திரங்களும் வந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன், சோதியுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள். ஆனால் எங்கள் தாத்தா விஷயத்தில் சோதிக்க என்ன இருக்கிறது? அவருடைய பிறப்பை எழுதியது உங்கள் அதிகாரி. அந்தப் பதிவு இருப்பது நாந்த் நகரில், உங்கள் அரசின் அலமாரியில். நாங்களே உங்களிடம்தான் நகல் கேட்டு வாங்கினோம்.

அக்கம்பக்கத்து நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 டிசம்பரில் இந்தியா படையை அனுப்பித்தான் எடுத்தது, போர்ச்சுகல் அதை ஒப்புக்கொள்ளவே 1974 டிசம்பர் 31 வரை ஆனது. அவ்வளவு மனக்கசப்புக்குப் பிறகும், 1961 டிசம்பர் 19-க்கு முன் அங்கே பிறந்தவரின் பிறப்பை லிஸ்பனில் பதிந்து, அப்புறம் பிள்ளை, அப்புறம் பேரன் என்று குடியுரிமை கேட்க அவர்கள் சட்டம் இன்றும் இடம் தருகிறது. சண்டையில் பிரிந்தவர்கள் பேரனைச் சேர்த்துக்கொள்கிறார்கள், கைகுலுக்கிப் பிரிந்த நீங்கள் பதிவேட்டில் இருக்கும் ஆளையே தெரியாது என்கிறீர்கள். ஹங்கேரி முதல் உலகப் போருக்குப் பின் எல்லை சுருங்கியதால் வெளியே விடுபட்டவர்களின் வாரிசுகளுக்கு 2011-இலிருந்து எளிய வழி வைத்திருக்கிறது, மொழி தெரிந்திருந்தால் போதும், அங்கேயே குடியேற வேண்டியதில்லை. அதில் அவர்களுக்கு அரசியல் கணக்கு இருக்கிறது, ஸ்லோவாக்கியா கோபப்பட்டதும் தெரியும், அதை நான் புனிதமாக்கவில்லை. இத்தாலி 2025-இல் கதவைச் சுருக்கியது, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான் என்று. சரி, அதுவும் ஒரு அளவுகோல். தலைமுறையை எண்ணுகிறார்கள். நீங்கள் எண்ணுவது தலைமுறையை அல்ல, உங்கள் கொடி இறங்கிய பிறகு நாங்கள் எத்தனை வருடம் சொந்த வீட்டில் இருந்தோம் என்பதை.

"21-14 இருக்கிறதே" என்று உங்களில் யாராவது சொல்லலாம். 30-3இல் அடிபட்டவர் பிரான்சோடு கலாசார, தொழில், பொருளாதார, குடும்பத் தொடர்பு வெளிப்படையாக வைத்திருந்தால் அறிக்கை கொடுத்துக் குடியுரிமை கேட்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. இருக்கிறது, நல்ல பிரிவுதான். ஆனால் அது தருவது அறிக்கை கொடுத்த நாளிலிருந்து புதிதாக ஒரு குடியுரிமை. அப்பாவுக்கு 1964-இலிருந்து இருந்ததை அது ஒப்புக்கொள்ளாது. தொடர்பை எப்படிக் காட்டுவது? புதுச்சேரியில் 1826-இலிருந்து ஒரு பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, அங்கே படித்தவர் காட்டலாம். காரைக்காலில் மண்டிக் கணக்கரின் மகன் எதைக் காட்டுவார்? பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவருக்கும் அவருடைய விதவைக்கும் அதே பிரிவில் இடம் உண்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கிடையாது. 1940 செப்டம்பரில் பிரான்சே விழுந்து கிடந்தபோது ஆளுநர் போன்வன் இந்தக் குட்டி ஊர்களை, ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெகோல் பக்கம் சேர்த்தார். புதுச்சேரி கடற்கரையில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தில் வருடா வருடம் மாலை வைக்கிறீர்கள். மாலை வைக்கும்போது தொடர்பு வெளிப்படையாகத்தான் தெரிகிறது!

பாஸ்போர்ட்டுக்காகத்தானே இவ்வளவும் என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அதற்காகவும்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் என்ன விலை என்று உங்கள் கான்சுலேட்டில் வேலை பார்க்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார், அந்தச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு அதில் மயக்கமும் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது, உங்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையோடு என் ஊரிலேயே வெளிநாட்டுக்காரியாக நிற்க வேண்டும். அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொள்கிறேன். அப்பா கொடுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது பாஸ்போர்ட்டே இல்லை, தங்கைக்கு எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாள்.

சரி, சேர்க்க வேண்டிய வரி. நான் வக்கீல் இல்லை, உங்கள் ஆட்கள் திருத்திக்கொள்ளட்டும்: "ஒப்பந்தத்தின் மூலம் வேறு நாட்டுக்குக் கைமாறிய பிரதேசத்தில் கைமாறிய நாளன்று குடியிருந்து, அந்த ஒப்பந்தத்தால் குடியுரிமையை இழக்காதவர்களின் வழிவந்தவர்கள் விஷயத்தில், அந்தப் பிரதேசத்தில் அவர்கள் வாழ்ந்த காலம் இப்பிரிவின்படி வெளிநாட்டில் வாழ்ந்த காலமாகக் கொள்ளப்படாது." பேரப்பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. விண்ணப்பிக்க ஒரு கெடு வையுங்கள், ஆனால் இந்த முறை ஊரில் சொல்லிவிட்டு வையுங்கள். லட்சம் பேர் வந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம், வெளியே பிறந்து 1962-இல் ஊரில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பதிவேடுகளே சொல்லும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்று தெரியும். அதற்கு முன் ஒன்று செய்யலாம். நீங்கள் நீதித்துறை அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி கேட்க முடியும், அவர் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி, கேள்வியும் பதிலும் அரசிதழில் வரும். கேள்வி இதுதான்: 1956 ஒப்பந்தம் தொடாத பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் தங்கள் சொந்த வீட்டில் இருந்ததை எந்தக் காரணத்தால் "வெளிநாட்டில் நிலைத்துவிட்டதாக" அரசு கொள்கிறது, 2012 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு இந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? உங்களில் யார் கேட்டாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி. அப்பாவின் கோப்பு முழுவதையும் பெயர், தேதியோடு தனியாக அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்காலிலிருந்து, சைகோன் போலீஸ்காரரின் கொள்ளுப்பேத்தி